பெட்டிக்கு எதற்குத் தனிக் கப்பம்?

விமானத்தில் பெட்டிக்குத் தனியாகக் காசு வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால், படித்தவர்களே சட்டென்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள்: "டிக்கெட் மலிவாக வேண்டுமென்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும். பெட்டி கொண்டுவருகிறவர் கொடுக்கட்டும். வெறுங்கையோடு வருகிறவர் எதற்கு அவருக்காகச் செலவழிக்க வேண்டும்?" காதுக்கு நியாயமாகப்படும் இந்தப் பேச்சு பொய். இந்த வழக்கம் வேரூன்றிய அமெரிக்காவே அதற்குச் சாட்சி.

2008-ஆம் ஆண்டு ஜூனில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்க ஆரம்பித்தது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை என்பது அப்போது சொன்ன காரணம். எண்ணெய் விலை ஏறியது உண்மைதான். அடுத்த மாதம் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. ஆனால் அந்த டிசம்பருக்குள் 40 டாலருக்கும் கீழே சரிந்துவிட்டது. பெட்டிக் கட்டணத்தை யாரும் திரும்பப் பெறவில்லை. மற்ற பெரிய நிறுவனங்கள் பலவும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டன. 2023-இல் அமெரிக்க விமான நிறுவனங்கள் பெட்டிகளால் மட்டும் ஈட்டியது 700 கோடி டாலருக்கு மேல்.

எடை கூடினால் எரிபொருள் கூடும், அதற்குத்தான் காசு என்பார்கள். அப்படியானால், பல நிறுவனங்களில் அதே பெட்டிக்கு முன்கூட்டியே இணையத்தில் கட்டினால் ஒரு விலை, விமான நிலையத்தில் கட்டினால் அதைவிட அதிக விலை என்று எப்படி வருகிறது? இரண்டுக்கும் எரிவது ஒரே அளவு எண்ணெய்தானே? நிறுவனத்தின் கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்கு முதல் பெட்டி இலவசம். அடிக்கடி பறக்கும் அதிகாரிக்கும் இலவசம். பேரனைப் பார்க்க ஆண்டுக்கொரு முறை கிளம்பும் பாட்டிக்கு மட்டும் முழுக் கட்டணம். மடிக்கணினியோடு காலையில் போய் மாலையில் திரும்புகிறவருக்குப் பெட்டி தேவையில்லை. கைக்குழந்தைக்காரிக்கும், மருந்து மாத்திரையோடு போகும் முதியவருக்கும், விடுதிக்குக் குடிபோகும் மாணவனுக்கும் பெட்டி இல்லாமல் முடியாது. தேவை அதிகமுள்ளவர்கள் தலையில்தான் இந்தச் சுமை விழுகிறது.

தனியாக வாங்குவதில் நிறுவனத்துக்கு வேறு லாபமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டு டிக்கெட்டுக்கு 7.5 சதவீத மத்திய வரி கட்ட வேண்டும். பெட்டிக் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. இணையத்தில் விலையை ஒப்பிட்டுப் பார்ப்பவர் கண்ணுக்கு டிக்கெட்டும் மலிவாகத் தெரியும்.

சேவை சீரழிந்ததற்கும் இதே கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காசுக்குப் பயந்து எல்லோரும் பெட்டியைக் கையோடு உள்ளே கொண்டுவருகிறார்கள். தலைக்கு மேலிருக்கும் அறைகள் பாதி வரிசை ஏறுவதற்குள் நிரம்பிவிடும். அதன்பின் குறுகிய நடைபாதையில் தள்ளுமுள்ளு, வாக்குவாதம். வாசலில் ஓர் இரும்புச் சட்டம் நிற்கிறது. பெட்டி அதற்குள் இறங்காவிட்டால் அங்கேயே காசு. ஃபிரன்டியர், ஸ்பிரிட் என்ற இரு நிறுவனங்கள், விதியை மீறிய பெட்டிகளைப் பிடித்துக்கொடுப்பதற்காக வாயில் ஊழியர்களுக்கும் மற்றவர்களுக்கும் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 2.6 கோடி டாலர் ஊக்கத்தொகை கொடுத்ததாக அமெரிக்க செனட் துணைக்குழு 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. பயணியை வரவேற்க வேண்டிய ஊழியரை அவர்மீதே ஏவிவிடும் ஏற்பாடு இது. அந்த ஊழியரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சம்பளம் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

பெட்டிக்குக் காசு வாங்காமல் மலிவாகப் பறக்கவே முடியாதா? சவுத்வெஸ்ட் நிறுவனம் பறந்து காட்டியது. இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றிக்கொண்டே, 2019 வரை தொடர்ந்து 47 ஆண்டுகள் லாபம் பார்த்தது. கட்டணம் விதித்தால் கிடைப்பதைவிட வாடிக்கையாளர்களை இழப்பதால் வரும் நஷ்டமே அதிகம் என்று 2024-இல் அந்த நிறுவனமே கணக்குப் போட்டுச் சொன்னது. அப்படியிருந்தும், பங்குகளை வாங்கிக் குவித்த எலியட் என்ற முதலீட்டு நிறுவனம் நெருக்கியதும் பணிந்து போனது. 2025 மே 28 முதல் அங்கும் பெட்டிக்குக் காசு. பயணிகளில் யார் இதைக் கேட்டார்கள்?

நம் ஊருக்கும் இது வெகுதூரத்துச் சங்கதி இல்லை. 2021 பிப்ரவரியில், பெட்டி இல்லாத பயணிக்குத் தள்ளுபடி டிக்கெட் விற்க நமது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதி கொடுத்தது. இன்று தள்ளுபடி என்று நுழைவது நாளை கட்டணமாக உட்கார்ந்துவிடும். இப்போதே உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம். சென்னை விமான நிலையத்தில் கவுன்டர் ஓரமாகத் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, முறுக்கு டின்னை எடுப்பதா, ஊறுகாய் பாட்டிலை எடுப்பதா என்று கைபிசையும் அம்மாக்களைப் பாருங்கள். பின்னால் நிற்பவர்கள் முகம் சுளிக்க, அவர்கள் கூனிக் குறுகிப் போகிறார்கள். நம் ரயிலில் படுக்கை வகுப்புப் பயணிக்கே 40 கிலோ இலவசம். ஊருக்குப் போகிறவர் மூட்டையோடுதான் போவார் என்பது ரயில்வேக்குத் தெரிந்திருக்கிறது.

டிக்கெட்டுக்குச் சொல்லும் விலையில் ஒரு பெட்டி கட்டாயம் அடங்க வேண்டும் என்று இயக்குநரகம் விதி போட வேண்டும். அதுவரை, "மலிவு டிக்கெட்டுக்கு இதுதான் கிடைக்கும்" என்று நிறுவனங்களுக்காக நாம் வாதாடுவதையாவது நிறுத்துவோம். கவுன்டரில் காசு கேட்டால் ரசீது வாங்குங்கள். அதை வைத்து இயக்குநரகத்துக்கும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள்.