முத்திரையில்லாத் தராசு

மேல்மலையனூர்ப் பக்கத்து உழவர் தம் நெல்லைச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற் கொண்டுபோய் நிறுக்குமிடத்து, தராசு சரியானதென்று பிறர் கூறும் வாய்மொழி மட்டும் போதுவதில்லை. எடைக்கருவி அரசாங்க முத்திரை பெற்றிருத்தல் வேண்டுமென்பது சட்டம். ஒரு மூட்டை நெல்லுக்குள்ள இக்காவல், அவ்வுழவரது பழம்பத்திரத்தைப் படித்துத் தருவதாக வரும் மென்பொருளுக்கு இல்லாமை நமக்கு வியப்பளிக்கின்றது.

தமிழெழுத்தைப் படத்திலிருந்து படிக்கும் மென்பொருள்கள் இந்நாளிற் பல. அவற்றுள் ஒன்று, "நூற்றுக்கு 95 பிழையின்றிப் படிக்கும்" என விளம்பரம் செய்யுமாயின், 95 என்பது எழுத்திலா, சொல்லிலா என்றே நாம் முதற்கண் வினவ வேண்டும். ஆறெழுத்துச் சொல்லொன்றைக் கொள்வோம். ஒவ்வோரெழுத்தும் நூற்றில் 95 முறை சரியாக வருமென்றும், ஒன்றன் பிழை மற்றொன்றைச் சாராதென்றும் வைத்துப் பெருக்கினால், முழுச்சொல்லும் திருத்தமாக வருவது நூற்றில் ஏறக்குறைய 73 முறையே. நான்கு சொல்லுக்கு ஒன்று பழுது! தமிழோ விகுதியும் உருபும் ஒட்டி நீளும் மொழி. அப்பழுது சர்வே எண்ணில் விழுந்துவிட்டால் உழவன் யாரிடம் முறையிடுவான்? விளம்பரக்காரர் பொய் கூறவில்லை. அளவை மட்டும் மறைத்தார்.

இனி, எப்பக்கங்களைக் கொண்டு சோதித்தனர்? தெளிவான அச்சுப் பக்கங்களா, மை மங்கிய கையெழுத்தா? மென்பொருள் முன்னரே கற்ற பக்கங்களையே அதற்குப் பரீட்சையாக வைத்தனரோ? வினாத்தாளை முன்கூட்டிப் பார்த்த மாணாக்கனது மதிப்பெண்ணை நம் ஆசிரியர்கள் மெச்சார்.

கண்முன் செய்து காட்டினோமே என்பர். 1996இல் இராமர் பிள்ளை மூலிகையாற் பெட்ரோல் ஆக்குவதாகச் செய்து காட்டியபோதும் கண்டோர் பலர் நம்பினர்; 2016இல் சென்னை நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. வோக்ஸ்வேகன் மோட்டார் வண்டிகளிலிருந்த மென்பொருளோ, சோதனை நடப்பதை அறிந்து அப்பொழுது மட்டும் புகையைக் குறைத்தது. வண்டியைச் சாலையில் ஓட்டி அளந்தவர்களாலேயே அச்சூது 2015இல் உலகறிய வெளிப்பட்டது.

தொழில் மறைபொருளை வெளியிடல் இயலாதென்னும் மறுப்பில் நமக்குச் சாரம் தோன்றவில்லை. தராசு செய்யும் வித்தையை எவரும் கேட்கவில்லை. படிக்கல்லை வைத்துப் பார்க்க இடந்தருமாறே கேட்கின்றோம்.

படிக்கல்லை நம் கல்லூரி மாணவரே ஆக்கலாம். மேல்மலையனூர் வட்டத்துப் பழம்பத்திரங்களில் நூறு பக்கங்களை உரியவர் இசைவுடன் பெற்று, பெயர்களை மறைத்து, ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியே படித்தெழுதி ஒப்பிட்டு, எந்த விற்பனையாளர் கையிலும் முன்னர்ப் படாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும். விற்க வருவோர் தம் மென்பொருளை அவற்றின்மேல் நம் முன்னிலையில் ஓட்டிக் காட்டட்டும்.