விளக்கு கட்டியவர்கள் எப்போது சாப்பிட்டார்கள்?

டிசம்பர் கடைசி வாரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு நேரத்தில் போனவர்களுக்குத் தெரியும். மாமல்லபுரம் நெருங்க நெருங்க ரிசார்ட்டுகளின் மதில்களெல்லாம் ஜொலிக்கும். தென்னை மரங்களுக்கு அடியிலிருந்து குருத்து வரைக்கும் சீரியல் செட் சுற்றியிருப்பார்கள். உப்புக் காற்று வீசும் மணலில் பஞ்சால் செய்த பனி கொட்டிக் கிடக்கும்.

போன ஆண்டு டிசம்பர் 24 இரவு அப்படி ஒரு ரிசார்ட்டுக்குள் நானும் இருந்தேன். நான் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்கு நிதி கொடுக்கும் கம்பெனி ஆண்டு இறுதிக் கூட்டத்தை அங்கே வைத்திருந்தது. கூட்டம் முடிந்ததும் கிறிஸ்துமஸ் விருந்து. முழு வான்கோழி, நண்டு, பத்துப் பதினைந்து வகை இனிப்பு. நடுவில் வைக்கோல் போட்டு ஒரு மாட்டுத் தொழுவக் குடில். சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு ஏழைக் குடும்பத்தின் கதை அது. அதன் முன்னால் நின்று எல்லோரும் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் மேசைக்குத் தட்டு எடுக்க வந்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன். அங்கிருந்து மூன்று கிலோமீட்டரில் உள்ள காலனியைச் சேர்ந்த அக்கா. அங்கேதான் நாங்கள் மாலைப் படிப்பகம் நடத்துகிறோம். தெருவில் பார்த்தால் "வா கண்ணு, சாப்ட்டியா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல், "எடுத்துக்கலாமா மேடம்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து வீட்டில் போய்ப் பார்த்தேன். வாசலில் காகித ஸ்டார் தொங்கியது. "கோச்சிக்காத கண்ணு. கெஸ்ட்டுகிட்ட பேசினா சூப்பர்வைசர் ஆள மாத்திடுவான்" என்றார். அவர் கிறிஸ்தவர். நள்ளிரவு ஆராதனைக்குப் போகவில்லை. வேலை முடிய இரண்டு மணி ஆகியிருக்கிறது. மிஞ்சியதை ஆறிப்போன பிறகு பின்கட்டில் நின்றபடி சாப்பிட்டிருக்கிறார். அந்தத் தென்னை மரங்களில் விளக்குச் சுற்றியது அவருடைய தம்பி மகன். இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் ஏறியிருக்கிறான்.

"பணமிருப்பவன் சாப்பிடுகிறான், உனக்கு ஏன் எரிகிறது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எரிச்சல் சாப்பாட்டின் மேல் இல்லை. நானும்தான் அங்கே சாப்பிட்டேன். என் கேள்வி வேறு. அந்தக் காலனியிலிருந்து ரிசார்ட்டுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் எனக்குத் தெரிந்த எல்லோருமே துடைப்பது, துவைப்பது, தோட்டம், சாக்கடை என்ற நான்கில் ஒன்றில்தான் இருக்கிறார்கள். வரவேற்பு மேசையில் ஒருவர் இல்லை. சமையல்கட்டில் கரண்டி பிடிக்கும் இடத்திலும் ஒருவர் இல்லை. அவர்களில் பட்டம் படித்த பிள்ளைகளும் உண்டு. எந்த ரிசார்ட்டும் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் "எந்தத் தெரு?" என்று கேட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடுகிறது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே படிப்படியாகப் பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் அம்பேத்கர் விளக்கினார். அதை நான் எம்.ஏ. வகுப்பில் படித்துத் தேர்வும் எழுதினேன். உண்மையில் புரிந்தது அந்த விருந்து மேசையில்தான்.

டிசம்பர் 25 நமக்கு வெறும் விடுமுறை நாள் இல்லை. 1927இல் அதே நாளில்தான் மகாத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. 1968இல் அதே நாள் இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதும், சங்கமாகச் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணத்தை மறக்கவே கூடாது. இவர்கள் பெரும் நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், ஒருவர் கார்கூட வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பதுதான் அந்தக் காரணம்.

அந்த வாதம் செத்துப்போகவில்லை. இன்றைக்கு அதற்குப் பெயர் காண்ட்ராக்ட். கெட்ட காரியம் எதிலும் முதலாளியின் கை இருக்காது, நடுவில் எப்போதும் இன்னொரு ஆள் இருப்பார்.

2022 அக்டோபரில், தீபாவளி நெருங்கும் நேரத்தில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் ரிசார்ட்டின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்தார்கள். பண்டிகைக் காலத்தில் அறைகள் நிரம்பும். அறைகள் நிரம்பினால் தொட்டியும் நிரம்பும். மேலே விளக்கு எரிய வேண்டுமென்றால் கீழே யாராவது அதைக் காலி செய்ய வேண்டும். அதற்கு இறக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் எந்தச் சாதி என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டின் மனிதக் கழிவகற்றுவோர் பணிநியமனத் தடைச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ இறக்கக் கூடாது. 'மறைமுகமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'அது காண்ட்ராக்டர் பார்த்துக்கொண்டது' என்ற சாக்கை அடைப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டாண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. சாவு நடந்தால் காண்ட்ராக்டரையும் மேலாளரையும் பிடிக்கிறார்கள், பணம் கைமாறுகிறது, அடுத்த பண்டிகைக்கு விளக்கு எரிகிறது.

"ரிசார்ட் வந்ததால்தானே இவர்களுக்கு வேலை கிடைத்தது? அது இல்லாவிட்டால் எங்கே போவார்கள்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கடலோரத்தில் நிலத்துக்கு நடுவிலேயே வாழ்ந்தவர்களுக்கு ஏன் கையளவு நிலம்கூட இல்லை என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றித்தான் ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். வேறு சாதியார் அதை வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போய்விட்டது. கரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். எந்த ரிசார்ட் எந்தச் சர்வே எண்ணில் நிற்கிறது என்று நான் இங்கே குற்றம் சாட்டவில்லை. நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட சமூகம், அந்த நிலத்தில் கட்டிய கட்டடத்தைக் கூட்டிப் பெருக்க வேலை கொடுத்துவிட்டு அதற்கு நன்றியும் எதிர்பார்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

விருந்தை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. அந்த அக்காவும் அதைக் கேட்கவில்லை. "டபுள் சம்பளம் குடுத்தா போதும், போறதுக்கு ஒரு வேன் விட்டா போதும்" என்றார். அவர் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன், கூடவே சிலவற்றையும்.

பண்டிகை விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது கூலியோடு மாற்று விடுப்பு என்று 1958ஆம் ஆண்டே இந்த மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. தொழிலாளர் துறை டிசம்பர் கடைசி வாரத்தில் ரிசார்ட்டுகளின் சம்பளப் பதிவேட்டை நேரில் பார்க்கட்டும். ஒவ்வொரு ரிசார்ட்டும் கழிவுநீர்த் தொட்டியை எந்த வண்டி, எந்தத் தேதியில் உறிஞ்சியது என்று எழுதி வைக்கட்டும், உள்ளாட்சி அதிகாரி அதைச் சரிபார்க்கட்டும். பஞ்சமி நிலப் பதிவேடுகளைக் கிராம வாரியாக வெளியிடட்டும்.

நம்மைப் போன்ற தொண்டு நிறுவனக்காரர்களுக்கும் ஒன்று. அடுத்த கூட்டத்துக்கு ரிசார்ட் பதிவு செய்யும்போது ஏசி, வைபை எல்லாம் விசாரிக்கிறோமே, வேலை செய்கிறவர்களுக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்பதையும் விசாரிப்போம். அன்று இரவு அந்த அக்கா என்னைத் தெரியாததுபோல் நடந்துகொண்டார். அவரை எழுந்து நின்று "அக்கா" என்று கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தது நான்தான். இந்த டிசம்பரில் அந்த நிறுவனத்துக்கு முதல் கடிதம் போய்விட்டது. கூட்டத்தை எங்கள் படிப்பகத்திலேயே வைக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். வாசலில் ஸ்டார் தொங்கும். பிரியாணி அக்கா வீட்டில். எல்லோரும் ஒரே பந்தியில் உட்காருவோம்.

ஜெய்பீம்.