தூங்க விடுகிற அடுப்பு

அடுப்பு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் விலையைக் கேட்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், தவணைக்குத் தருவீர்களா என்றுகூட விசாரிக்கிறார்கள். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை: "ராத்திரி இதன் பக்கத்தில் யார் உட்காருவது?"

சாதாரண அடுப்புக்கு இந்தக் கேள்வி அவசியமில்லை, வாஸ்தவம். ஆனால் இந்த வாரம் நாம் பேசப் போவது 'ஸ்மோக்கர்' என்கிற புகை அடுப்பைப் பற்றி. டெக்ஸாஸ் பக்கம் படிக்கவோ உத்தியோகம் பார்க்கவோ போன பிள்ளைகள் ஊர் திரும்பும்போது அந்த ருசியையும் நாக்கிலே சுமந்துகொண்டு வருகிறார்கள். மொட்டை மாடியுள்ள தியாகராய நகர், அடையாறு வீடுகளில், "நாமும் ஒன்று வாங்கினால் என்ன?" என்று பேச்சு எழுகிறது. வாங்கலாம், தாராளமாய் வாங்கலாம். வாங்குமுன் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகை அடுப்பில் நெருப்பு கறியை நேராகத் தொடாது. மூடிய கூட்டுக்குள் சுமார் 110 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமும், கொஞ்சம் விறகுப் புகையும் மணிக்கணக்காய் நிற்க வேண்டும். தண்ணீர் கொதிக்கிற சூட்டைவிடச் சற்றே ஜாஸ்தி, அவ்வளவுதான். ஓர் ஆட்டுத் தொடை பஞ்சாய் வேக ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். டெக்ஸாஸ்காரர்கள் போடும் மாட்டு நெஞ்சுக்கறிக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். கறியிலுள்ள ஜவ்வு மெல்ல மெல்லத்தான் இளகும். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் கிடைப்பது செருப்புத் தோல்!

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியான விருந்துக்குச் சனிக்கிழமை இரவே நெருப்பு மூட்ட வேண்டும். வீட்டுக்காரர் வெகு தடபுடலாய்ப் பற்ற வைப்பார்; பத்து மணிக்குக் கொட்டாவி விடுவார். இரண்டு மணிக்கு எழுந்து, "ஏங்க, அடுப்பு அணைஞ்சு போச்சா பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசியில் தானே மாடி ஏறுவது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்திலே ஆள் இல்லாமல் எரிகிற அடுப்பு நமக்குப் புதிதா? நம் பாட்டிமார் குமுட்டித் தணலின் மேல் சாம்பலைத் தூவிப் பால் பாத்திரத்தை வைத்துவிட்டுப் படுக்கப் போவார்கள். நீறு பூத்த நெருப்பு விடிகிற வரையில் உயிரோடு இருக்கும். மயிலாப்பூர் வீடுகளில் ருக்மணி குக்கர் என்று ஒன்று இருந்தது. அடியில் ஒரு பிடி கரி, மேலே அடுக்கடுக்காய்ப் பாத்திரங்கள், சுற்றிலும் ஓர் உருளை. பற்ற வைத்துவிட்டுக் கபாலி கோயிலைப் பிரதட்சிணம் செய்து வந்தால் சாதமும் பருப்பும் தயார். வங்காளத்தில் டாக்டர் இந்துமாதவ மல்லிக் 1910-இல் அமைத்த 'இக்மிக் குக்கர்' இதே ஜாதி.

மரத்தூள் அடுப்பு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. நடுவில் ஓர் உருட்டுக் கட்டையை நிறுத்தி, கீழே பக்கத் துவாரத்தில் இன்னொன்றைச் செருகி, சுற்றிலும் தூளை இறுகக் கிட்டித்துவிட்டுக் கட்டைகளை உருவிவிடுவார்கள். கீழிருந்து பற்ற வைத்தால் நெருப்பு உள்சுவரை மட்டும் தின்றுகொண்டு மணிக்கணக்கில் போகும். ஊதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். இன்று அமெரிக்காவில் புகை அடுப்புக்காரர்கள் பற்றாத கரியை நிறையக் கொட்டி, நடுவில் நாலைந்து கங்கை மட்டும் வைக்கிறார்களே, அதன் சூட்சுமமும் இதுதான்.

தடித்த சுவர், இறுகிய மூடி, சின்னக் காற்றுத் துவாரம். இந்த மூன்றும் இருந்தால் நெருப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழையுங்கள்.

முதலில் கண்ணில் படுவது, பக்கத்தில் நெருப்புப் பெட்டி ஒட்டிய நீளமான இரும்புப் பீப்பாய். பார்வைக்குக் கம்பீரம், ருசியும் பிரமாதம். ஆனால் முக்கால் மணிக்கொரு விறகு போட வேண்டும். அடுப்போடு ஒரு ஆளையும் சேர்த்து வாங்கினால்தான் கட்டும்.

இரண்டாவது, வில்லைகளில் ஓடுவது. அரைத்து அழுத்திய மரத்தூள் வில்லைகளை மோட்டார் ஒரு திருகினால் நெருப்புக்குள் தள்ளும்; விசிறி ஊதும்; சூட்டை யந்திரமே நிதானிக்கும். அமெரிக்காவில் தூங்க விடும் அடுப்பு என்றால் இதைத்தான் காட்டுவார்கள். சென்னையிலோ, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வில்லை ஊறி உதிர்ந்து திருகில் அடைத்துக்கொள்ளும். நடு ராத்திரி கரண்ட் போனால் அடுப்பும் போயிற்று.

மூன்றாவது, உருண்டை அல்லது குண்டு வடிவக் கரி அடுப்பு. 1952-இல் சிகாகோ பக்கத்தில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தாம் வேலை பார்த்த தொழிற்சாலையில் செய்த கப்பல் மிதவையை இரண்டாய் வெட்டி மூடி போட்டார். அதுவே வெபர் அடுப்பு. இதில் உயரமான வகைக்கு உள்ளே தண்ணீர்த் தட்டு உண்டு. ஒரு தடவை கரி போட்டால் ஆறிலிருந்து பத்து மணி நேரம் தாங்கும். சுவர் மெல்லியதாகையால் காற்று வீசினால் சூடு தடுமாறும். பனகல் பார்க் பக்கம் இது சரிப்படும். பெசன்ட் நகர் கடல் காற்றுக்கு ஒரு தட்டி மறைப்பு வேண்டும்.

நான்காவது, கமாடோ. ஜப்பானிய மொழியில் அடுப்பு என்றே அர்த்தம். இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கொண்டு போனார்கள்; அட்லாண்டாவில் 1974-இல் தொடங்கிய கம்பெனி ஒன்று இதைப் பச்சை முட்டை வடிவில் விற்றுப் பெயர் வாங்கிற்று. கனத்த பீங்கான் சுவர். ஒரே கரி விடிய விடிய நிற்கும். உப்புக் காற்று சுவரை ஒன்றும் செய்யாது, சாம்பலும் குறைவு. குறைகளும் உண்டு. விலை கூடுதல். பெரியது நாலு பேர் தூக்குகிற கனம். தவறி விழுந்தால் விரிசல். சூடு ஏறிவிட்டால் லேசில் இறங்காது. ஆகையால் ஆரம்பத்திலேயே துவாரத்தைச் சிறிதாக்கிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், பணமும் மாடி ஏற்ற ஆளும் இருந்தால் கமாடோ. இல்லாவிட்டால் நல்ல எனாமல் பூசிய குண்டு அடுப்பு. அதையும் மறுநாளே சாம்பல் வாரி, கொழுப்பைத் துடைத்து, உறை போட்டு வையுங்கள். ஈரம் பட்ட சாம்பல் இரும்பைத் தின்னும்.

கரிக்குக் கப்பல் பார்க்க வேண்டாம். டெக்ஸாஸில் புகழ் பெற்ற மெஸ்கீட் மரம் நம் சீமைக் கருவேலத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ராமநாதபுரச் சீமையில் அதைத்தான் மூட்டம் போட்டுக் கரியாக்குகிறார்கள். வாசனைக்கு உலர்ந்த மா, கொய்யாத் துண்டு இரண்டு போதும். பெயிண்ட் அடித்த பலகையும் பிளைவுட்டும் கூடவே கூடாது. புகை ஊதுபத்திப் புகை போல் மெல்லியதாய் நீலமாய்ப் போக வேண்டும். வெள்ளையாய்க் குமைந்தால் கறி கசக்கும். அடுத்த வீட்டு மாமியின் வடாமும் வேஷ்டியும் நாறும். அப்புறம் குடியிருப்போர் சங்கத்தில் உங்கள் பேர்தான் அடிபடும்!

கூட்டுக்குள் ஒரு கம்பி, கறிக்குள் ஒரு கம்பி என்று இரண்டு உஷ்ணமானி வாங்குங்கள். சூடு தவறினால் கீழே படுக்கையறையில் கூவுகிற வகையும் கிடைக்கிறது. அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். அடுப்பைச் சிமெண்ட் தரையில், கொடியும் கீற்றும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாய்ச் சொல்கிறேன். மழை வருகிறதென்று கரி அடுப்பை அறைக்குள்ளோ, மூடிய பால்கனிக்கோ கொண்டு வராதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கொடைக்கானல் போன்ற மலையூர்களில் குளிருக்கு அடுப்பை உள்ளே வைத்துப் படுத்தவர்கள் எழுந்திராத செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். தூங்க விடுகிற அடுப்பு வேண்டும்தான், அதற்காக இப்படியா?

வாங்கிய அன்றே விருந்தாளிகளை அழைத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு கத்தரிக்காயை மட்டும் வைத்துக்கொண்டு வெறும் அடுப்பை ஆறு மணி நேரம் எரித்துப் பாருங்கள். எத்தனை தடவை மாடி ஏற வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். இரண்டு தடவைக்குள் என்றால் தைரியமாய் ஆட்டுத் தொடைக்குச் சொல்லி வையுங்கள். அதற்கு மேல் என்றால், ஏறினவர் யாரோ அவரைக் கேட்டுக்கொண்டு விருந்துக்கு நாள் குறியுங்கள்.