உறுதிமொழி போதும், உட்கார்ந்து பேசுங்கள்

ஜூன் 26 வந்தால் போதும். நம் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகளைக் கடற்கரைச் சாலையில் நடக்கவிட்டு, கையில் அட்டை கொடுத்து, உறுதிமொழி வாங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோப்பு முடிந்தது. கோப்புகளோடே காலம் தள்ளியவன் சொல்கிறேன், இதனால் ஒரு பிள்ளையும் ஒரு குவளை குறைத்துக் குடித்ததில்லை.

கெட்டுப்போன ஈரல் படத்துக்கு 19 வயதுப் பையன் பயப்படுவானா? அது அவனுக்கு நாற்பது வயதுச் சங்கதி. இன்றைக்கு அவனுக்குள்ள ஆபத்து இரவு பைக், கைகலப்பு, வாந்தியில் மூச்சடைப்பது, தவறவிட்ட தேர்வு. அதை யார் அவனிடம் பேசுகிறார்கள்?

பேசுவதற்கு முறை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஆடிட்’ வினாத்தாளில் பத்தே கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் எச்சரிக்கை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லாட் குழுவினர், மாணவர்களுக்கென்றே இரண்டு அமர்வில் முடியும் முறையை 1990களிலேயே சோதித்தார்கள். திட்டுவது கிடையாது. நீ குடிப்பது இவ்வளவு, செலவு இவ்வளவு, உன் வயதுப் பிள்ளைகள் உண்மையில் குடிப்பது இவ்வளவுதான் என்று கணக்கை எதிரே வைப்பார்கள். ‘எல்லாரும்தான் குடிக்கிறார்கள்’ என்ற நினைப்பு அங்கேயே ஆட்டம் காணும். எப்படிக் குறைப்பது என்பதை அவன் வாயாலேயே சொல்ல வைப்பார்கள்.

இதற்கு வேண்டியது ஓர் அறை, பயிற்சி பெற்ற ஒருவர், சொன்னது வெளியே போகாது என்ற வாக்குறுதி. மூன்றாவதில்தான் கல்லூரிகள் தோற்கின்றன. உண்மையைச் சொன்னால் அப்பாவை அழைத்து வா, விடுதியைக் காலி செய் என்றால் எவன் வாய் திறப்பான்?

‘பேசினால் திருந்திவிடுவானா?’ என்பீர்கள். எல்லாரும் மாறமாட்டார்கள். பலன் சிறியது, நாளாக ஆகத் தேயவும் செய்யும். மறுபடி பேச வேண்டும். மதிப்பெண் 20-ஐ எட்டினால் மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். ‘தெருவுக்குத் தெரு கடையைத் திறந்துவிட்டுப் பேச்சு எதற்கு?’ கடையையும் குறைக்கட்டும், யார் வேண்டாம் என்றது? அதுவரை கலால் வருமானத்தில் ஒரு துளியை இந்த அறைக்கு ஒதுக்கட்டும்.

‘புதுச்சேரி என்றாலே அப்படித்தான்’ என்பவர்களுக்கு ஒன்று. நமக்குப் பாடம் சொன்ன பிரான்சிலேயே 1956 வரை பள்ளி உணவுக்கூடத்தில் சிறுவர்களுக்கு ஒயின் ஊற்றினார்கள். அந்த ஆண்டு 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு நிறுத்தினார்கள். வழக்கம் என்பது மாறாத ஒன்றல்ல.

பேரப்பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறீர்களா? கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போது, அந்த அறை எங்கே என்றும் கேளுங்கள்.