வரைபடத்தில் இணையாத தெரு

‘காலனி’ என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவின் குறியீடாக மாறிவிட்ட சொல் ஒழிவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் பெயர் மாறும் அந்தக் குடியிருப்புக்கு வழி இருக்கிறதா என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. மண்ணில் உள்ள வழியை மட்டுமன்று, கைப்பேசி காட்டும் வழியையும் சேர்த்தே கேட்கிறோம்.

2018 மே மாதம், தூத்துக்குடித் துப்பாக்கிச்சூட்டை அடுத்து மூன்று மாவட்டங்களில் இணையம் முடக்கப்பட்டது. அத்தகைய நாளில் ஊருக்குள் செல்ல வேண்டிய உண்மையறியும் குழுவுக்கு, இணையமின்றி இயங்கும் வரைபடமே துணை. ஆஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்து, வழியையும் கைப்பேசியிலேயே கணக்கிடுகின்றன. இவற்றின் அடித்தளம், 2004இல் தொடங்கப்பட்டு உலகெங்கும் தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு.

இந்தக் கணக்கீட்டின் இயல்பை நாம் அறிய வேண்டும். செயலிக்குச் சாலை என்பது படமன்று; புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட ஒரு வலை. ஒவ்வொரு கோட்டுக்கும் வகை, அகலம், செல்ல அனுமதி முதலிய குறிப்புகள் உண்டு. புறப்படும் புள்ளியிலிருந்து சேரும் புள்ளி வரை செலவு குறைந்த தொடரைத் தேடுவதே வழி காணல். வலையில் இல்லாத தெரு, கணக்கில் இல்லாத தெரு.

புறக்கணிப்பு இங்கே மூன்று வகைகளில் நிகழ்கிறது. முதலாவது, ஊர்த்தெருக்கள் வரையப்பட்டிருக்கும், சேரித்தெருக்கள் வரையப்பட்டிரா. இரண்டாவது, தெரு வரையப்பட்டிருக்கும். ஆனால் முதன்மைச் சாலையைத் தொடும் இடத்தில் இரண்டுக்கும் பொதுப்புள்ளி இராது. கண்ணுக்கு அவை சேர்ந்தே தெரியும்; கணக்குக்கோ அவை தனித்தனித் தீவுகள். மூன்றாவது, எங்கோ அமர்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைபவர் சிமெண்டுச் சாலையை ஒற்றையடிப் பாதை என வகைப்படுத்துவார். அப்போது மகிழுந்துக்கான கணக்கில் அது சேராது. அவசர ஊர்தி ஓட்டுநர் அத்தகைய செயலியை நம்பி வந்தால், ஊரின் முனையோடு அவருடைய வழி முடிந்துவிடும்.

கோப்பின் வடிவம் இப்பிழையை மேலும் நீட்டிக்கிறது. மூலத்தரவை அப்படியே கைப்பேசியில் வைத்தால் தேடல் மெதுவாகும். எனவே ஆஸ்மேண்ட் அதனை ஓ.பி.எஃப். கோப்பாகவும், ஆர்கானிக் மேப்ஸ் எம்.டபிள்யூ.எம். கோப்பாகவும் சுருக்கி மாற்றுகின்றன. ஆஸ்மேண்டின் கோப்பில் காட்சிக்கும் முகவரிக்கும் வழிக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. மூலத்தில் இன்று திருத்தினாலும், புதிய கோப்பு உருவாக்கப்பட்டு அதனை நாம் மீண்டும் இறக்கும் வரை கைப்பேசியில் பழைய பெயரும் பழைய வழியுமே இருக்கும். அரசாணையால் ஒழிந்த சொல் கோப்புகளில் தொடர்ந்து உயிர்வாழ இது போதும்.

வழி மறுப்பு என்பது நமக்கு உவமையன்று. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி, நெடிய போராட்டத்துக்குப் பின் 2008 மே 6 அன்றுதான் இடிக்கப்பட்டது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், ஆதிக்கச் சாதியினரின் நிலத்தின் வழியே செல்ல இயலாமல், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதனைத் தாமாக முன்வந்து விசாரித்தது.

இங்கேதான் திறந்த தரவு நமக்குக் கருவியாகிறது. சுவரைத் தடை என்றே குறிக்கலாம். கணக்கீடு அதனைச் சுற்றியே செல்லும். சுவர் இருக்கையில் எவ்வளவு தூரம், இல்லையெனில் எவ்வளவு என்பதை மீட்டர் கணக்கில் எடுத்து மனுவோடு இணைக்கலாம். சுடுகாட்டுக்கான பாதை எந்த இடத்தில் அறுபடுகிறது என்பதைக் காட்டலாம். வரைபடம் நீதிமன்றத் தீர்ப்பாகாது. வருவாய்த்துறையின் புல வரைபடத்துக்கு மாற்றுமாகாது. ஆயினும் கோரிக்கைக்கு அளவு ஒன்றைக் கொடுக்கும்.

கல்லூரி மாணவர்கள் இப்பணியை விடுமுறையிலேயே தொடங்கலாம். தெருவில் நடந்து பார்த்ததையே வரைய வேண்டும். தனியார் நிறுவன வரைபடங்களைப் பார்த்துப் படியெடுத்தல் உரிமத்துக்கு முரண். குடியிருப்பின் பெயரை அங்கு வாழும் மக்களிடம் கேட்டே எழுத வேண்டும். சாதியை ஒருபோதும் குறிக்கக் கூடாது. எவரும் இறக்கிக்கொள்ளத்தக்க தரவில் அக்குறிப்பு, தாக்க வருவோருக்கும் வழிகாட்டும்.

பெயர்ப்பலகையை மாற்ற அரசாணை போதும். தெருவை வலையில் இணைக்க, அத்தெருவை அறிந்தவர்களின் கை வேண்டும். அது நம் கையாக இருக்கட்டும்.