வெளிச்சத்தால் ஒரு தட்டு

பானை வாங்கும்போது பாட்டிமார்கள் சுண்டிப் பார்த்துத்தான் காசை எடுப்பார்கள். 'ணங்' என்றால் நல்ல பானை. 'டொக்' என்றால் விரிசல். சரி, பழுக்கக் காய்ந்த இரும்பை எப்படிச் சுண்டுவது? விரல் போயிடும் சார்!

வெளிச்சத்தால் சுண்டலாம். லேசரைக் கண்ணிமைப்பதற்கும் வெகு முன்னால், விநாடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் மட்டும் விட்டால், பட்ட இடம் சட்டென்று சூடாகி உப்பும். பக்கத்து இடத்தைத் தள்ளும். குளத்தில் கல் விழுந்தாற்போல் அலை கிளம்பி மேற்பரப்போடு ஓடும். ஆறிய எஃகில் விநாடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர்! வழியில் விரிசல் இருந்தால் முட்டித் திரும்பும். இன்னொரு லேசர் அதை ஒட்டுக் கேட்கும்.

இப்படியொரு அலை உண்டென்று 1885-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் இங்கிலாந்தின் ராலே பிரபு. லேசராலும் எலெக்ட்ரான் கற்றையாலும் திடப்பொருளில் அலை எழுப்பலாம் என்று 1963-ல் விளக்கியவர் அமெரிக்காவின் ஆர்.எம். ஒயிட்.

இதெல்லாம் எதுக்கு என்கிறீர்களா? 1954-ல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறின. காரணம், உலோகம் களைத்துப்போய் விட்ட விரிசல்.

பி.காம். படித்த எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. புத்தகத்தைத் தொடாமலே ஓட்டையைப் பிடிக்கிற ஆடிட்டர் இந்த லேசர். என்ன, காப்பி, டிபன் கேட்காது!