முதல் ரேஸ்ல ஜெயிச்ச குதிரையும் மார்ச்ல விழுந்த ஃபேவரிட்டும்: நம்ம காசுக்கு என்ன பாடம்?

இந்த வாரம் சப்ஜெக்ட் குதிரைப் பந்தயம். அதுவும் கிண்டியில பாக்குற சமதள ரேஸ் இல்ல. இங்கிலாந்து, அயர்லாந்துல குளிர்காலத்துல சூடு பிடிக்கிற தடை தாண்டும் பந்தயம். பயப்படாதீங்க, பெட் கட்டச் சொல்ற பதிவு இல்ல இது. ஏன் கட்டக்கூடாதுன்னு கணக்கோட சொல்ற பதிவு.

வி.கே.புரத்துல உக்காந்துக்கிட்டு இது நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க. "ஆரம்பத்துல நல்லா ஓடுது, எல்லாரும் அதுலதான் போடுறாங்க, நாமளும் போடுவோம்"னு சம்பளப் பணத்தை எடுத்து வைக்கிற பழக்கம் நம்மள்ல பாதிப் பேருக்கு இருக்கு. அந்த யோசனை எங்க சறுக்கும்னு இந்த விளையாட்டு பளிச்சுன்னு காட்டிடும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். சீசன் தொடக்கத்துல வர்ற ஒரு ரிசல்ட்டை வச்சு குதிரையோட தரத்தை முடிவு பண்ணக் கூடாது. ஃபேவரிட் தோத்துட்டா குதிரையைத் திட்டுறதுக்கு முன்னாடி, அதுக்கு நாம குடுத்த விலை சரியான்னு பாக்கணும்.

நவம்பர்ல ஜெயிச்சது, மார்ச்ல என்ன ஆச்சு?

இந்தப் பந்தயத்தோட பெரிய சீசன் அக்டோபர்ல களைகட்டும். மார்ச்ல செல்டனம் திருவிழா, ஏப்ரல்ல எய்ன்ட்ரீயில கிராண்ட் நேஷனல். பெரிய குதிரைகளுக்கு அந்த மார்ச் மாசம்தான் முழுப் பரீட்சை. நவம்பர், டிசம்பர்ல ஓடுறதெல்லாம் மாடல் எக்ஸாம் மாதிரி.

2009 நவம்பர்ல ஹேடாக் மைதானத்துல காட்டோ ஸ்டார்ங்கற குதிரை, இம்பீரியல் கமாண்டரை மூக்கு நுனி வித்தியாசத்துல ஜெயிச்சது. அடுத்த மாசம் கெம்டன்ல நடந்த கிங் ஜார்ஜ் பந்தயத்துல காட்டோ ஸ்டார் 36 குதிரை நீளம் முன்னாடி வந்து ஜெயிச்சது. இம்பீரியல் கமாண்டர் எங்கேயோ பின்னாடி, அஞ்சாவது இடம். இந்த ரெண்டு ரிசல்ட்டை மட்டும் வச்சுப் பாத்தா மார்ச்ல யாரு ஜெயிப்பான்னு கேக்கவே வேண்டாம். 2010 கோல்ட் கப்ல காட்டோ ஸ்டார்தான் பெரிய ஃபேவரிட். 11 ரூபா கட்டினா 8 ரூபாதான் லாபம், அந்த அளவுக்கு நம்பிக்கை.

கடைசிக்கு நாலாவது தடையில காட்டோ ஸ்டார் விழுந்துருச்சு. ஜெயிச்சது அதே இம்பீரியல் கமாண்டர்.

இதை வெறும் அதிர்ஷ்டம்னு ஒதுக்க முடியாது. இம்பீரியல் கமாண்டர் 2008 நவம்பர்லயும் 2009 மார்ச்லயும் பெரிய பந்தயங்களை ஜெயிச்ச இடம் செல்டனம்தான். அது மேடு பள்ளமான மைதானம், கடைசியில ஏத்தம் ஏறி முடிக்கணும். கெம்டன் தட்டையான மைதானம். கெம்டன்ல அஞ்சாவதா வந்ததை வச்சு செல்டனம்ல அந்தக் குதிரையை எடை போட்டவங்க, தப்பான தராசுல நிறுத்திட்டாங்க.

இப்போ எதிர்ப்பக்கத்தையும் பாருங்க. 2011 மே மாசம் அயர்லாந்துல காட்டோ ஸ்டார் பாதியிலேயே நிறுத்தப்பட்டுது. 11 வயசு, இனி அவ்வளவுதான்னு பல பேர் பேசினாங்க. ஆனா அதே வருஷம் நவம்பர்ல, சீசனோட முதல் ஓட்டத்துல, கோல்ட் கப் சாம்பியனான லாங் ரன்னை ஜெயிச்சது. "லாங் ரன்னுக்கு இது முதல் ஓட்டம், உடம்பு இன்னும் தயாராகல"ன்னு சமாதானம் சொன்னவங்க உண்டு. டிசம்பர்ல கிங் ஜார்ஜ்லயும் காட்டோ ஸ்டாரே ஜெயிச்சது, அஞ்சாவது தடவையா. அந்த வருஷம் நவம்பர் ஃபார்ம் உண்மையைத்தான் சொல்லுச்சு.

ஆக, தொடக்க ஃபார்ம் எப்பவுமே பொய்னும் சொல்ல முடியாது. அந்த ரிசல்ட் ஏன் வந்துச்சுன்னு கேக்காம நம்புறதுதான் சிக்கல். கேக்க வேண்டியது மூணு கேள்வி. ஓய்வுக்கு அப்புறம் முதல் ஓட்டமா? மைதானம், தூரம், தரையோட ஈரம் எல்லாம் பெரிய பந்தயத்துக்கு ஒத்துப்போகுதா? பயிற்சியாளர் இந்தப் பந்தயத்தைக் குறி வச்சாரா, இல்ல மார்ச்சுக்கான பயிற்சியா ஓட விட்டாரா?

நம்ம ஊர் ஆளுக்கு இது புதுசே இல்ல. ஜூன் முதல் வாரம் ரெண்டு நாள் சாரல் அடிச்சா, பாபநாசம் அணை 143 அடி நிரம்பிரும்னு எந்த விவசாயியாவது பந்தயம் கட்டுவாரா? காருக்குத் தண்ணி திறக்கணும்னா மலையில எவ்வளவு மழை, அணைக்கு எவ்வளவு வரத்துன்னு தினமும் பாத்துக்கிட்டே இருப்பார். பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழை வேற கணக்குன்னும் அவருக்குத் தெரியும்.

ஃபேவரிட்னா என்ன?

2025 மார்ச் 11. செல்டனம்ல சாம்பியன் ஹர்டில் பந்தயம். கான்ஸ்டிட்யூஷன் ஹில் அதுவரைக்கும் ஓடின 10 பந்தயத்துலயும் ஜெயிச்ச குதிரை. டிசம்பர்ல ஜெயிச்சது, ஜனவரியில செல்டனம்லயே ஜெயிச்சது. மைதானம் ஒத்துவருமாங்கற கேள்விக்கும் பதில் இருந்துச்சு. ரெண்டு ரூபா கட்டினா ஒரு ரூபா லாபம், அதுதான் அன்னிக்கு விலை. அந்தக் குதிரை விழுந்துச்சு. முந்திக்கிட்டுப் போன ஸ்டேட் மேன் கடைசித் தடையில விழுந்துச்சு. ஒரு ரூபாய்க்கு 25 ரூபா விலையில இருந்த கோல்டன் ஏஸ் ஜெயிச்சது.

"ஃபேவரிட் ஏமாத்திருச்சு"ன்னு பேசினாங்க. ஆனா ரெண்டுக்கு ஒண்ணுங்கற விலையோட அர்த்தமே, இதே மாதிரி 100 பந்தயம் நடந்தா சுமார் 67 தடவை ஜெயிக்கும்ங்கறதுதான். மீதி 33 தடவை தோக்கணும், அது கணக்குலயே இருக்கு. ஒரு தடவை விழுந்ததுனால அது மோசமான குதிரை ஆகிடாது. ஏப்ரல்ல எய்ன்ட்ரீயிலயும் நவம்பர்ல நியூகாசில்லயும் மறுபடி விழுந்தப்போதான் கதை மாறுது. ஒண்ணு விபத்து, மூணு வந்தா அது தகவல். முதல் சறுக்கல்ல பதறி ஓடுறவங்களும், மூணாவது சறுக்கலுக்கு அப்புறமும் பழைய பேரை நம்பி நிக்கிறவங்களும் ஒரே தப்பைத்தான் ரெண்டு பக்கமா செய்றாங்க.

திறமை இருந்தா போதுமா?

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்ததுன்னு சுப்ரீம் கோர்ட்டே 1996ல சொல்லியிருக்கு. 1974ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த தடைச் சட்டத்தை எதிர்த்து, மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடுத்த வழக்குல வந்த தீர்ப்பு அது. ஃபார்மைப் படிச்சுக் கணிக்கிறது திறமைதான், நானும் ஒத்துக்குறேன். ஆனா சட்டத்துக்குத் திறமையா இருக்கறது, உங்க பர்ஸுக்கு லாபம் ஆகணும்னு கட்டாயம் இல்ல.

கணக்கு போடுவோம். நீங்க நல்லா ஃபார்ம் படிக்கிற ஆளுன்னே வச்சுக்குவோம். ரெண்டுக்கு ஒண்ணு விலையில 10 ஃபேவரிட், ஒவ்வொண்ணுலயும் 100 ரூபா. 7 ஜெயிக்குது, 3 தோக்குது. போட்டது 1,000, திரும்ப வந்தது 1,050. லாபம் 50 ரூபா. பந்தயம் கட்டுறவங்ககிட்ட வரி வாங்காத பிரிட்டன்ல இதுதான் கணக்கு.

இங்க 2025 செப்டம்பர் 22லேருந்து குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதுவும் கட்டுற முழுத் தொகை மேல. டிக்கெட்டுக்கு மேல வரியைச் சேர்த்தா உங்க செலவு 1,400. திரும்ப வந்தது அதே 1,050. பத்துல ஏழு சரியா சொல்லியும் 350 ரூபா நஷ்டம்! இதுக்கு மேல ஜெயிச்ச பணத்துக்கு 30 சதவீத வருமான வரி, அதோட செஸ். தோத்த மூணையும் அதுல கழிக்க முடியாது.

சரி, மொபைல்ல வெளிநாட்டு சைட்ல கட்டினா என்னன்னு கேக்குறவங்களுக்கு: அந்தப் பக்கமே போகாதீங்க. அந்த மாதிரி பந்தயத்துக்கு வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப நம்ம அந்நியச் செலாவணி விதியில இடமில்ல. மாட்டிக்கிட்டா பணத்தைத் திரும்பக் கேக்கவும் வழி கிடையாது.

நம்ம சம்பளத்துக்கு இதுல என்ன?

ஆறு மாசம் நல்ல ரிட்டர்ன் குடுத்த ஃபண்ட், நவம்பர்ல ஜெயிச்ச குதிரை. அதே மூணு கேள்வியைக் கேளுங்க. மார்க்கெட்டே ஏறின மாசமா? ஸ்மால் கேப்போட ஓட்டத்தை வச்சு லார்ஜ் கேப் ஃபண்டை எடை போடுறீங்களா? உங்க இலக்கு 10 வருஷம்னா, 6 மாச ரிசல்ட் எதுக்கு?

எல்லாரும் விரும்புற பங்கு, ஃபேவரிட் குதிரை. நல்ல கம்பெனியா இருக்கலாம், ஆனா அந்த நல்லது விலையில ஏற்கெனவே ஏறியாச்சு. நல்ல கம்பெனியை அதிக விலைக்கு வாங்கினா வருமானம் சுமாராத்தான் வரும்.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பங்குல நஷ்டம் வந்தா, ஐடிஆரைக் கெடு தேதிக்குள்ள தாக்கல் பண்ணியிருந்தா, 8 வருஷம் வரைக்கும் எடுத்துட்டுப் போய் மூலதன லாபத்துல கழிச்சுக்கலாம். குதிரையில விட்ட காசுக்கு அந்த வழி கிடையாது. பங்குல கம்பெனி சம்பாதிச்சா உங்க பங்கும் வளரும். பந்தயத்துல அடுத்தவன் விட்ட காசுதான் உங்க லாபம், அதுலயும் வரி போன மிச்சம்தான்.

அதனால பந்தயத்தை ரசிங்க, தப்பே இல்ல. செல்டனம்ல அந்தக் கடைசி ஏத்தத்துல குதிரைங்க ஓடுறதைப் பாத்தா நிஜமாவே சிலிர்க்கும். ஃபார்மைப் படிச்சு, யாரு ஜெயிப்பான்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. பக்கத்துலயே, அந்த விலைக்கு வரியோட கட்டியிருந்தா என்ன மிஞ்சியிருக்கும்னும் எழுதுங்க. ஒரு சீசன் முடிஞ்சதும் ரெண்டு வரிசையையும் கூட்டிப் பாருங்க. எஸ்ஐபிக்குப் போற காசுல கை வைக்கலாமா வேண்டாமான்னு அந்த நோட்டே சொல்லிரும்.

அடுத்த வீடியோல, பழைய நஷ்டத்தை ஐடிஆர்ல எப்படி எழுதுறதுன்னு ஸ்டெப் பை ஸ்டெப்பா பாக்கலாம்.